பேஸ்மட்டம்

படி ஏறி வீட்டுக்குள் போவதுதான் ஊர் வழக்கம். என் அக்கா வீட்டுக்குள் போக ஒரு படி இறங்க வேண்டும்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், ராஜ வாய்க்காலுக்குத் தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது எங்கள் காலனி. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கட்டிய தொகுப்பு வீடுகள். கட்டின புதுசில் வாசலில் ஒரு படி ஏறித்தான் உள்ளே போனோம் என்று அம்மா சொல்லும். அப்புறம் தெருவுக்குக் கப்பி போட்டார்கள். அதன் மேல் தார் போட்டார்கள். தார் பெயர்ந்ததும் அதன் மேலேயே சிமெண்ட் போட்டார்கள். ஒரு தடவையும் பழையதைச் சுரண்டி எடுக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் தெரு ஒரு சாண் ஏறியது. வீடு நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது தெருவில் மழை பெய்தால் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்பு எங்கே, பாய் எங்கே என்று விசாரித்துவிட்டுப் போகிறது.

ஆங்கிலத்தில் பேஸ்மெண்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. நம் கொத்தனார்கள் அந்தச் சொல்லை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார்கள். தரைக்கு மேலே வீட்டைத் தூக்கி நிறுத்தும் கட்டுக்குப் பேஸ்மட்டம் என்று பேர் வைத்தார்கள். எங்கள் காலனியில் அந்தச் சொல் மறுபடியும் தன் பழைய அர்த்தத்துக்கே போய்விட்டது. நாங்கள் பேஸ்மெண்டில் குடியிருக்கிறோம்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்ற வைத்தவன் என் அக்கா மகன். அவனுக்கு வயசு நாலு.

*

ஐப்பசி பிறந்தால் அவனுக்கு இழுப்பு வந்துவிடும். போன வருஷம் ஒரு ராத்திரி நான் அங்கே படுத்திருந்தேன். ரெண்டு மணி இருக்கும். பூனை மாதிரி ஒரு சத்தம். எழுந்து லைட்டைப் போட்டால், பையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் குழி விழுகிறது. மூக்குத் துவாரம் விரிகிறது. அழக்கூட அவனிடம் காற்று இல்லை. அவன் சாய்ந்திருந்த சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரைக்கும் ஓதம் ஏறியிருந்தது. ஓதம் நின்ற கோட்டுக்கு மேலே உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்திருந்தது. மூலையில், துணி மூட்டைக்குப் பின்னால், கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். அவன் சட்டை முதுகில் அந்தக் கறுப்பு ஒட்டியிருந்தது.

பைக்கில் நடுவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். புகை வைத்தார்கள். நெபுலைசரைத்தான் எங்கள் பக்கம் புகை வைக்கிறது என்பார்கள். அரை மணி நேரத்தில் பையன் தூங்கிவிட்டான். டாக்டர் கெட்டவர் இல்லை. வேலை நெருக்கடியிலும் பொறுமையாகப் பார்த்தார். கிளம்பும்போது அக்காவிடம், "வீட்டைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கம்மா. தூசி, அழுக்கு இருந்தா திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்" என்றார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி தொடைக்கறனுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். நம்பவில்லை என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. அக்கா பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கால் பாலம் வந்ததும் கேட்டாள்: "ஏந் தம்பி, நான் சுத்தமில்லாதவளா?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது அந்தப் பாலத்தில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஓதம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. செங்கல்லுக்குள்ளும் சாந்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை மண்ணிலிருக்கும் ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஈரத்தோடு மண்ணின் உப்பும் ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். அது பூத்துப் பூச்சைத் தள்ளும். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழுப்புவதற்கு முன்னால், எல்லாச் சுவரின் தலையிலும் நீர் புகாத மருந்து கலந்த சிமெண்ட் கலவையை ஒரு படலமாகப் போட வேண்டும். கொத்தனார்கள் அதை டிபிசி என்பார்கள். ஒரு இஞ்ச் கனம் இருந்தால் போதும். மொத்த வீட்டுச் செலவில் அது ஒரு துளி. அந்தத் துளியைத்தான் எங்கள் காலனியில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

சுவர் ஈரமாக இருந்தால் பூசணம் வருவதற்கு வேறு யார் தயவும் தேவையில்லை. அதன் விதைத்தூள் எங்கும் காற்றில் இருக்கிறது, பண்ணையார் வீட்டிலும் இருக்கிறது. அது முளைப்பதற்கு வேண்டியது ஈரம் ஒன்றுதான். ஈரம் கிடைத்தால் சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டிய தூசி, காலண்டர் அட்டை, பழந்துணி, பள்ளிக்கூடப் புஸ்தகம் எல்லாம் அதற்குச் சாப்பாடு. கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்று அதில் பல சாதிகள். மன்னிக்கவும், பல இனங்கள். அவற்றின் விதைத்தூள் ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மூக்கு முடியில் மாட்டாமல் நேரே உள்ளே போய்விடும்.

பெரியவர்களை விடப் பிள்ளைகளை அது ஏன் அதிகம் வதைக்கிறது? நாம் ஒரு நிமிஷத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுகிறோம். நாலு வயசுப் பிள்ளை இருபதிலிருந்து முப்பது தடவை விடும். எடைக்கு எடை பார்த்தால் நம்மை விட அதிகக் காற்றை இழுப்பது அதுதான். அதன் மூச்சுக்குழல் சின்னது. உள்சுவர் துளி வீங்கினாலும் போகிற வழி பாதி அடைத்துவிடும். நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயசு அது. போதாததற்குப் பிள்ளை படுப்பது தரையில். ஓதம் தொடங்கும் இடமும் தரைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2009ல் வீட்டு ஈரத்துக்கும் பூசணத்துக்கும் என்றே தனியாக ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சு நோயும் ஆஸ்துமாவும் வரும் ஆபத்து கூடுதல் என்பது அதன் முடிவு. இந்த அளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு வரம்பை அதனால் சொல்ல முடியவில்லை. ஈரமே வராமல் தடு, வந்தால் சரி செய் என்பதுதான் அது சொல்லும் வழி.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இழுப்புக்குப் பூசணம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் விறகு அடுப்புப் புகை உண்டு. கரும்புச் சக்கையை எரித்து வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகளின் புகை உண்டு. பரம்பரையாக வருவதும் உண்டு, சாதாரணச் சளிக் கிருமியே இழுப்பில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. ஆனால் இத்தனையையும் ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கும் நெஞ்சின் மேல் ஈரச் சுவரையும் சாய்த்து வைத்திருக்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். அவள் துடைப்பது பொய் இல்லை. அவள் துடைக்கத் துடைக்கத் தரையில் ஈரம் கூடுகிறது. காற்றுப் போக இருப்பது ரெண்டு சின்ன ஜன்னல். அதில் ஒன்று பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியது. மழைக்காலத்தில் பையன் துணி வீட்டுக்குள்தான் காய வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள், பத்து நாளில் பூசணம் திரும்ப வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு நான் காசு கொடுத்துப் பெயிண்ட் அடித்தோம். உள்ளே ஈரம் அடைபட்டு, பொங்கலுக்குள் பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது. சுத்தம் செய்யச் செய்ய அழுக்காகிற வீட்டில் ஒரு பொம்பளையைக் குடிவைத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சுத்தமாக இரு என்கிறார்கள்.

நம்மைப் பார்த்து இதைச் சொல்வது புதுசா? கிணற்றில் இறங்க விடாமல் வைத்துவிட்டுக் குளிக்காதவன் என்றார்கள். வண்ணார் துணி எடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு அழுக்குத் துணிக்காரன் என்றார்கள். ஊர் மலத்தை நம் தலையில் ஏற்றிவிட்டு நாற்றம் பிடித்தவன் என்றார்கள். காரணத்தை அவர்கள் செய்வார்கள், காரியம் நம் உடம்பில் தெரியும், குற்றம் நம் குணத்தில் போய் உட்காரும். மூச்சுத் திணறலும் இப்போது அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

*

தண்ணீர் நம் சுவருக்கு எப்படி வந்தது?

ஜேடர்பாளையத்தில் காவிரிக்குக் குறுக்கே படுகை அணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் ஜனம் குளிக்கவும் மீன் சாப்பிடவும் வரும். அங்கிருந்து புறப்படும் ராஜ வாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு எல்லாவற்றுக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வாய்க்காலை வெட்டியவர் என்று அல்லாள இளைய நாயக்கரைச் சொல்வார்கள். அவருக்கு அங்கே சிலை இருக்கிறது. இருக்கட்டும். மண்வெட்டி பிடித்துக் கூடை சுமந்தவர்கள் யார் யார் என்று மட்டும் எந்தக் கல்லிலும் காணோம்.

வாய்க்கால் ஓடும் ஊரில் நிலம் ரெண்டு வகை. தண்ணீர் பாய்ந்து வடிகிற நிலம் ஒன்று, தண்ணீர் வந்து தேங்குகிற நிலம் இன்னொன்று. முதல் வகையில் கரும்பும் மஞ்சளும் வைக்கலாம். ரெண்டாவது வகையில் எதுவும் வைக்க முடியாது, அதனால் காலனி வைத்தார்கள். ஆதிதிராவிடர் வீட்டுமனைக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் எந்த நிலத்தை எடுப்பது என்கிற பேச்சு எங்கே நடந்தது, யார் திண்ணையில் நடந்தது? ஊர்க்காரர்கள் எதை விட்டுக்கொடுக்க மனசு வைத்தார்களோ அந்த நிலம் நமக்கு வந்தது. இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. இதைப் படிக்கிற தோழர் உங்கள் சேரிக்குப் போய் மழை நாளில் நின்று பாருங்கள். ஊர்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

"வாய்க்கால்ல தண்ணி உட்டா நம்ம சுவத்துலயும் தண்ணி உட்டுருவாங்க" என்று அக்கா சொல்வாள். படிக்காத அவள் நிலத்தடி நீர்மட்டத்தைப் பற்றிச் சொல்லும் விஞ்ஞானம் இது. வாய்க்கால் நிறைந்து ஓடும் மாதங்களில் ஓதம் இடுப்புக்கு வரும். வாய்க்காலை அடைத்தால் முழங்காலுக்கு இறங்கும். 1927ல் மகாத் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளுவதற்கு அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. தொடவே விடாத அதே தண்ணீர் இன்றைக்குக் கேட்காமலே நம் சுவரில் ஏறி வருகிறது.

குடிசையே தேவலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். மண் சுவர் ஈரத்தை வெளியே விடும், சுண்ணாம்பு மூச்சு விடும், உண்மைதான். ஆனால் 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துத்தான் எரித்தார்கள். எரியாத வீடு வேண்டும் என்பது நம்முடைய கோரிக்கை. காங்கிரீட் என்பது நமக்குக் கௌரவம் மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட. தீயில் எரியாத வீட்டைக் கேட்டோம். தண்ணீரில் அழுகும் வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

*

நான் ஒரு பாங்கு குமாஸ்தா. கவிதை எழுதுவேன், மற்ற நேரத்தில் வவுச்சர் எழுதுவேன். இந்த விஷயத்தில் என் கையும் சுத்தம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

1985ல் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தபோது அது ஆதிதிராவிடர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் இவர்களுக்காகவே வந்தது. 2016ல் பிரதமர் பேரில் பெயர் மாறியது. குறைந்தது 25 சதுர மீட்டர் வீடு, சமவெளிக்கு 1,20,000 ரூபாய், அதற்கு மேல் மாநில அரசின் பங்கு. 2024ல் கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, 3,50,000 ரூபாய். பணம் கட்டம் கட்டமாகக் கணக்கில் வரும். பேஸ்மட்டம் முடிந்தால் ஒன்று, ஜன்னல் மட்டத்துக்கு வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் செல்போனில் ஒரு படம், இடத்தின் குறியீட்டோடு. நம்ம ஜனம் பாஸ்புக்கை என் மேஜையில் நீட்டும். நான் என்ட்ரி போட்டுக் கொடுப்பேன். பணம் எடுத்து வெளியே போனால், பாங்கு வாசலிலேயே காண்டிராக்டரின் ஆள் பைக்கில் உட்கார்ந்திருப்பான்.

அதே பாங்கில் ஒரு வாத்தியாரோ, ஒரு லாரி ஓனரோ வீட்டுக் கடன் கேட்டால் அங்கீகரித்த பிளான் வேண்டும், இன்ஜினியர் மதிப்பீடு வேண்டும், எங்கள் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த வீடு பாங்கின் ஈடு. அது வீணாகக் கூடாது. எங்கள் காலனி வீட்டுக்கு ஒரு படம் போதும். செல்போன் கேமராவுக்குச் செங்கல் தெரியும், டிபிசி போட்டார்களா என்று தெரியாது. பேஸ்மட்டம் கட்டியது தெரியும், அது தெருவை விட எத்தனை அடி உயரம் என்று தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கிளையில் பெட்டக அறைச் சுவரில் ஒரு உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. மேனேஜர் பதறிவிட்டார். அன்றைக்கே மேலிடத்துக்குப் போன் போயிற்று. ரெண்டாம் நாள் ஆள் வந்து வெளிச்சுவரைத் தட்டிப் பார்த்து, குழாய்க் கசிவைக் கண்டுபிடித்து, மருந்து கலந்து பூசி, காய்ந்ததா என்று மறுபடி வந்து பார்த்துவிட்டும் போனார்கள். நோட்டுக் கட்டில் பூசணம் பிடிக்கக் கூடாது. நியாயம்தான். அந்த ரெண்டு நாளும் நான் கவுண்டரில் உட்கார்ந்து என் அக்கா மகனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

இது நம் நாட்டுக் கதை மட்டும்தானா என்று மாணவத் தோழர்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஒரு ஊர். சூடானிலிருந்து வந்த ஒரு கறுப்பின அப்பா, அம்மா, அவர்களின் பிள்ளை அவாப் இஷாக். அவர்கள் குடியிருந்தது ஒரு சமூக வீட்டுவசதி அமைப்பின் வீட்டில். குளியலறையிலும் சமையலறையிலும் சுவரெல்லாம் பூசணம். 2017லேயே அப்பா புகார் சொன்னார். அதன் மேல் பெயிண்ட் அடித்துக்கொள் என்றார்கள். புகார் தொடர்ந்தது, பூசணமும் தொடர்ந்தது. 2020 டிசம்பர் 21ல், ரெண்டு வயசு முடிந்து எட்டாம் நாள், அவாப் செத்துப்போனான். பூசணத்துக்கு நெடுநாள் ஆளானதால் வந்த மூச்சு நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு சொன்னது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்களாகவே சில ஊகங்களைச் செய்துகொண்டோம், அது தவறு என்று வீட்டைக் கொடுத்த அமைப்பு அப்புறம் ஒத்துக்கொண்டது.

வாழ்க்கை முறை! "வீட்டைச் சுத்தமா வெச்சுக்கம்மா" என்பதற்கு இங்கிலீஷ் அதுதான். அங்கே நிறம், இங்கே சாதி. ரெண்டு இடத்திலும் குற்றவாளி சுவர் இல்லை, சுவருக்குள் இருக்கிற குடும்பம்.

ஆனால் அங்கே அடுத்து ஒன்று நடந்தது. அந்தப் பெற்றோர் விடவில்லை. 2023ல் பிள்ளையின் பெயரிலேயே சட்டப் பிரிவு வந்தது. 2025 அக்டோபர் 27லிருந்து இங்கிலாந்தில் சமூக வீடுகளைக் கொடுக்கும் அமைப்புகள், ஆபத்தான ஓதம், பூசணம் பற்றிப் புகார் வந்தால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், பார்த்து முடித்த ஐந்து வேலை நாளுக்குள் ஆபத்தை நீக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரம்தான் கெடு. ஒரு செத்த பிள்ளைக்கு இது ஈடாகாது. ஆனால் பூசணம் என்பது அம்மாவின் குற்றத்திலிருந்து வீட்டைக் கொடுத்தவனின் குற்றமாக அங்கே மாறிவிட்டது. நமக்கு வேண்டியதும் அந்த மாற்றம்தான்.

*

நம் ஆட்களையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பர் 2 விடிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் நம் ஜனத்தின் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். நாம் தெருவுக்கு வந்தோம், அடி வாங்கினோம், ஜெயிலுக்குப் போனோம். சரியாகவே செய்தோம். 2021ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. 1921ல் ஆலை வேலைநிறுத்தக் கலவரத்தில் ஆதிதிராவிடர் வீடுகள் எரிந்த அதே புளியந்தோப்பு. டிவிக்காரர்கள் வந்தார்கள், நாமும் பேசினோம். ஒரே நாளில் விழுகிற சுவரையும் கேமரா முன்னால் உதிர்கிற சுவரையும் நமக்குத் தெரிகிறது. நின்றுகொண்டே கொல்கிற சுவர் தெரியவில்லை. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எத்தனை பிள்ளைகள் புகை பிடிக்க வரிசையில் நிற்கின்றன என்று எந்தத் துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருக்கிறோம்?

ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். ஒரு மூத்த தோழர், "என்ன தம்பி, புரட்சியிலிருந்து பூசணத்துக்கு வந்துட்டீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன். அந்தக் கூட்டத்தில் பொம்பளைகள் பத்துப் பேர் இருந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளையின் விலா எலும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர்கள்தான்.

1920ல் மூக்நாயக் பத்திரிகையின் முதல் இதழிலேயே அம்பேத்கர் இந்து சமூகத்தை ஏணியில்லாத அடுக்குக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். எந்த அடுக்கில் பிறந்தாயோ அந்த அடுக்கிலேயே சாக வேண்டும். இதை மேடையில் நூறு தடவை சொல்லியிருக்கிறோம். அந்தக் கோபுரத்தின் அடி அடுக்கில் ஈரம் தங்கும் என்பதையும், அங்கே ஒரு பிள்ளை இருமிக்கொண்டிருக்கிறது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். உவமையில் மட்டும் இல்லை, அளந்தே காட்டலாம்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் போதும், தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் குழாய். கூட ஒரு டேப்பு, ஒரு சாக்பீஸ், ஒரு நோட்டு. ஊர்க் கோயில் வாசல் மட்டத்திலிருந்து தொடங்குங்கள். ஊர் வீடுகளின் தரை, காலனித் தெரு, காலனி வீட்டுத் தரை, ஒவ்வொன்றும் எத்தனை அடி கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் ஓதம் ஏறின உயரத்தில் கோடு போடுங்கள், தேதி எழுதுங்கள். அந்த வீட்டில் பிள்ளைகள் எத்தனை, போன மழைக்காலத்தில் எத்தனை தடவை ஆஸ்பத்திரி என்று கேட்டு எழுதுங்கள். வாய்க்கால் ஓடும் மாதம் ஒரு தடவை, அடைத்த மாதம் ஒரு தடவை. சாதியின் உயர்வு தாழ்வை இதுவரைக்கும் வார்த்தையில் சொன்னோம். இனி அடியிலும் இஞ்சிலும் சொல்வோம்.

அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போவோம். ரோடு போடுவதானால் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளரின் உத்தரவு இருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம். புதுத் தொகுப்பு வீட்டுக்குப் பேஸ்மட்டம் தெரு மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று எழுத்தில் கேட்போம். டிபிசி போட்டதை அந்த வீட்டுக்காரப் பொம்பளை பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை என்று கேட்போம். பழைய காலனிகளுக்கு வடிகால், சுவர் மராமத்து, தேவைப்பட்டால் மேட்டு நிலத்தில் மாற்று வீடு. சலுகையாகக் கேட்க வேண்டாம். நம் பிள்ளைகளின் மூச்சு இது.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. இழுப்போடு வருகிற பிள்ளையின் சீட்டில் மருந்து எழுதும் டாக்டர், "வீட்டுச் சுவரில் ஓதம் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பதிலையும் எழுதட்டும். அந்தச் சீட்டு நாளைக்கு நமக்கு ஆதாரம்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைச் சுவரை ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள், முடிந்தால் கட்டிலில் படுக்க வையுங்கள். துணி மூட்டையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். வெயில் அடிக்கும்போது கதவு ஜன்னலைத் திறந்து போடுங்கள். டாக்டர் இன்ஹேலர் கொடுத்தால், பழகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள். மூச்சுக்குழலுக்கு நேராகப் போகும் மருந்து அது. இதெல்லாம் தீர்வு இல்லை. தீர்வு வரும் வரைக்கும் பிள்ளை இருக்க வேண்டும் அல்லவா.

போன வாரம் அக்கா வீட்டுக்கு டியூப் லெவலோடு போனேன். நானும் கொத்தனார் வேலைக்குப் போகும் என் மாமாவும் குழாயின் ரெண்டு முனையையும் பிடித்துக்கொண்டோம். ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு முனை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு வந்தோம். அக்கா வீட்டுத் தரை நாலே முக்கால் அடி கீழே இருந்தது. பையன் சாக்பீஸை என்னிடமிருந்து பிடுங்கி, ஓதம் நின்ற இடத்தில் அவனே கோடு போட்டான். கோடு அவன் தலைக்குச் சரியாக வந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "இதை அந்த டாக்டரு கிட்டயும் காமிக்கணும் தம்பி" என்றாள்.